அரக்குப் புடவையும் ஒரு கிசுகிசுப்பும்

முதல் நாள்

தொண்ணூற்று மூன்றில் பெங்களூர் சிக்பேட்டையில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தேன். அதே ஊர் ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவள் என்பதால் தமிழ், கன்னடம், உருது எல்லாம் வாயில் புழங்கும். அதைச் சொல்லித்தான் வேலை வாங்கினேன். முதலாளி முதல் நாளே அதற்குப் பூட்டுப் போட்டார்.

"கஸ்டமர் உன்கிட்ட எந்த பாஷையில பேசறாங்களோ அதுல மட்டும் பேசு. அவங்களுக்குள்ள வேற பாஷையில குசுகுசுன்னு பேசிக்கிட்டா, அந்த பாஷை உனக்குத் தெரியாது. காது கேக்கணும், மூஞ்சி கேக்கக் கூடாது. கொத்தாய்த்தா, புரிஞ்சுதா?"

போகப் போகப் புரிந்தது. புடவையை விரித்ததும் சத்தமாகச் சொல்வதெல்லாம் ஒப்புக்கு. "கலர் டல்லா இருக்கே" என்று என்னிடம் இழுத்துவிட்டு, தங்கச்சி காதில் "விட்டுடாதடி" என்பார்கள். புருஷன்மார்களின் முணுமுணுப்புக்கு ஒரே அர்த்தம்தான், விலை. கல்யாணப் பெண் குனிந்து முந்தானையைத் தடவிக்கொண்டே 'ம்' என்றால் பில் போடலாம். அதே 'ம்'மை மாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அடுத்த புடவையை எடுக்க வேண்டும்.

அரக்கு

ஓர் ஆவணியில் வந்தது அந்தக் குடும்பம். காதல் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கன்னடம், பெண் வீடு தமிழ். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. மாப்பிள்ளையின் அம்மா அரை மனசாகத்தான் சம்மதித்திருக்கிறார் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. அரக்கில் பெரிய பார்டர் போட்ட ஒன்றைக் காட்டி, "இதே இர்லி" என்றார். இதுவே இருக்கட்டும் என்று அர்த்தம்.

பெண் தன் அம்மாவின் காதோரம் தமிழில் சொன்னாள். "அம்மா, அக்கா கல்யாணத்துக்கும் இதே அரக்குதான். அத்தான் செத்தப்புறம் அவ அந்தப் புடவைப் பொட்டியத் தொறக்கறதே இல்ல. நான் இதக் கட்டிட்டு நின்னா அவ எப்படிம்மா பாப்பா?"

"வாயத் தொறக்காத. அவங்க ஒத்துக்கிட்டதே பெரிசு. கெடுத்துடாத."

அந்த அம்மா மகளின் கையை அழுத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. முந்தானையை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஜரிகையில் இழை விட்டிருக்கிறது, கல்யாணத்துக்கு இதைக் கொடுக்க மாட்டேன் என்று கன்னடத்தில் சொன்னேன். உண்மையில் ஓர் இழையும் விடவில்லை.

கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்தார். தன் சரக்கை டேமேஜ் என்று யார் சொன்னாலும் அவருக்கு ரத்தம் கொதிக்கும். புடவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கலங்கியிருந்த பெண்ணையும் பார்த்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"சரி, உள்ள எடுத்து வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மாப்பிள்ளையின் அம்மா மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்தார். இந்த முறை அதைப் பெண்ணின் மடியில் வைத்தார். அவள் குனிந்து, தடவி, 'ம்' என்றாள்.

மற்றவர்கள் செருப்பு மாட்டப் போனதும் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் சாய்ந்து, நல்ல தமிழில் கிசுகிசுத்தார். "நான் பொறந்து வளந்தது தமிழ்க்காரங்க நெறைஞ்ச அல்சூரும்மா. எனக்குத் தமிழ் வரும்னு அவங்ககிட்ட சொல்லிடாத. பாவம், கூச்சப்படுவாங்க."

இன்று கடைகளில் பாட்டை அலறவிடுகிறார்கள். பட்டு விரியும் சரசரப்பே கேட்பதில்லை. அந்த நாட்களுக்கு மனசு ஏங்கத்தான் செய்கிறது. கவுன்டரில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காதில் விழுந்ததை வாயால் திருப்பித் தராதீர்கள். முடிந்தால், கையை நீட்டி வேறு புடவையை எடுங்கள்.