பாக்கியம் அக்காவை அழவைத்தவள்

நான் ஒரு தாயை அழவைத்தேன். ஒருமுறை அல்ல, பதினோரு முறை. அவளுடைய அழுகை எனக்குத் தேவைப்பட்டது. அதற்காகவே போனேன், அதற்காகவே பேச்சுக் கொடுத்தேன். எனக்குச் சாதகமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் இதைத் தமிழில் எழுதுகிறேன் என்பதைக் கவனியுங்கள். யாங்கோனில் என் பாட்டைக் கேட்கிறவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. பாக்கியம் அக்காவுக்கோ எழுத்தே தெரியாது. கோயில் வகுப்பில் கற்ற தமிழ் கடைசியில் இதற்குத்தான் உதவுகிறது... ஒப்புக்கொள்ளும்போதுகூட எவ்வளவு பத்திரமான இடமாகப் பார்த்து நிற்கிறேன், பாருங்கள்!

வீட்டில் என் பெயர் சுமதி. மேடையில் பர்மியப் பெயர். அப்போது ஒரு ஹோட்டலில் மாலை வேளைகளில் சோல் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. பாடுகிறவள் நெஞ்சைத் திறந்து காட்டவேண்டும். எனக்குக் குரல் இருந்தது. திறந்து காட்ட உள்ளே ஒன்றும் இல்லை.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கோ தூரா ஒருநாள் அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவர் பர்மிய மொழியில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "சுருதியில குத்தமே இல்ல. ஆனா கடையில மடிச்சு வெச்ச லுங்கி மாதிரி இருக்கு. யாரும் இன்னும் உடுத்தல."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் அது அடங்கவே இல்லை.

அந்த மாதம்தான் குமார் இறந்தான். யாங்கோனின் பசுந்தாங் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த பாக்கியம் அக்காவின் ஒரே மகன் அவன். அக்கா விதவை, தையல் வேலை செய்பவள். நகருக்கு வெளியே மாவ்பிக்கு வேலைக்குப் போன பிள்ளை அங்கே மோட்டார் சைக்கிளில் போகும்போது லாரியில் அடிபட்டான். இருபத்து மூன்று வயது.

உடல் வந்தபோது நானும் அம்மாவோடு மேலே போனேன். பாக்கியம் அக்கா அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவ எந்திரிச்சு வாய்யா..." என்று கூப்பிட்டாள். அந்த 'வா' உச்சியில் தொடங்கியது. நடுவில் உடைந்தது. பிறகு மூச்சே எடுக்காமல் மூன்று இறக்கமாகக் கீழே வந்தது. அந்த அறையில் அழாதவர்கள் இல்லை, என்னைத் தவிர. நான் அவள் எங்கே மூச்சு வாங்குகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே குளியலறையில் நின்று பாடிப் பார்த்தேன். முதல் இரண்டு இறக்கமும் வந்துவிட்டன. மூன்றாவது வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கலைந்தார்கள். அதன்பிறகு மதிய நேரங்களில் தனியாகப் போகத் தொடங்கினேன். மின்சாரம் இராது. சன்னலோரம் தையல் இயந்திரத்தின் முன்னால் அக்கா சும்மா உட்கார்ந்திருப்பாள். "தம்பி சின்னதுல எப்படிக்கா இருப்பான்?" என்று கேட்பேன். அது போதும். போதாத நாளில் குமாருக்குப் பிடித்த பலாட்டாவை, அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டாவை, வாங்கிப் போய் அவள் முன்னால் பிரித்து வைப்பேன். பொட்டலத்தைப் பார்த்ததும் அவள் முகம் கோணும்... நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

நான் எப்படிப்பட்ட பிறவி? இதை எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "நீ ஒருத்திதான் சுமதி, அவன் பேர எடுக்குற. மத்தவங்க என்னப் பாத்தா வெயிலப் பத்திப் பேசிட்டுப் போயிடறாங்க."

அப்படியானால் அவளுக்கும் நன்மைதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆனால் அவளுடைய நன்மைக்காகப் போனவள், மூன்றாவது இறக்கம் தொண்டைக்கு வந்த அன்றோடு ஏன் நின்றுவிட்டாள்? அதன்பின் ஒருநாளும் நான் மேலே ஏறவில்லை. அவள் படியிறங்கும் சத்தம் கேட்டால் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். கதவுக்கு வெளியே ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவாள். அந்த நிமிடம் எனக்கு இன்னும் முடியவில்லை.

என் பாட்டு வெளிவந்தது. காதலன் பிரிந்துபோன பாட்டு. "லாபா" என்று அவனை வரச்சொல்லிக் கூப்பிடும் இடத்தில் அந்த மூன்று இறக்கத்தையும் வைத்தேன். டீக்கடை, பஸ், எல்லார் கைப்பேசி என்று ஊரெங்கும் ஓடியது. நாங்கள் நகர நடுவில் பபேடானுக்கு வீடு மாறினோம். பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் மேடை கிடைத்தது. அந்த அழுகையை எங்கே கற்றீர்கள் என்று பேட்டியில் கேட்டார்கள். "சொந்த வலியிலிருந்து" என்றேன். கைதட்டினார்கள்.

போன மாதம் பாக்கியம் அக்கா யாரிடமோ என் எண்ணை வாங்கி அழைத்தாள். குமாரின் நாலாவது திவசம். "பஸ்ல உன் பாட்டக் கேட்டேன். ஒரு எட்டு வந்துட்டுப் போறியா?" என்றாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனாலும், நீங்கள் நம்பினால் நம்புங்கள், கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும் என்றுதான் அந்தப் படிகளில் ஏறினேன்.

அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. குமாரின் படத்துக்கு மாலை போட்டு, எனக்குப் பாய் விரித்து வைத்திருந்தாள். "எனக்கு இப்பல்லாம் அழுகையே வர மாட்டேங்குது சுமதி. சில நேரம் அவன் முகமே வர மாட்டேங்குது. பெத்தவளுக்கு இப்படி ஆகுமா? உன் பாட்டக் கேட்டப்ப மட்டும் நெஞ்சு என்னமோ பண்ணுச்சு. அவன் படத்துக்கு முன்னால ஒரு தடவ பாடு."

பாடினேன். அவளிடமிருந்து எடுத்ததை அவள் வீட்டிலேயே அவளுக்கு முன்னால் பாடினேன். கண்ணை மூடிக் கேட்டாள். தன் குரலை அவள் அடையாளம் காணவில்லை.

பாட்டு முடிந்ததும் என் கன்னத்தைத் தடவினாள். "இது சும்மா வராது. யாரப் பறிகொடுத்த, சுமதி?"

இதுதான் இடம் என்று எனக்குத் தெரிந்தது. நான்கு வருடம் தள்ளிப்போட்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"எங்க அப்பாவ" என்றேன்.

அப்பா அந்த நேரத்தில் பபேடானில் டீக்கடையில் உட்கார்ந்து, கைப்பேசியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

"ஐயோ, நல்ல மனுசனாச்சே" என்றாள் பாக்கியம் அக்கா. "மேல தண்ணி ஏறாத அன்னைக்கெல்லாம் கொடத்தத் தூக்கிட்டு வருவாரே." என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். தன் பிள்ளைக்கே வராத அழுகை என் அப்பாவுக்காக அவளுக்கு வந்தது.

நான் கேட்டிருந்த பழைய அழுகை அல்ல அது. மெல்லியது. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் இழுத்து, நடுவில் சட்டென்று நின்று, மறுபடி தொடங்கும். அவள் தோளில் முகம் வைத்தபடி நான் அசையாமல் இருந்தேன்.

நேற்று ஒத்திகையில் அது தானாக என் குரலில் வந்தது. கோ தூரா வாசிப்பதை நிறுத்தி இன்னொரு முறை பாடச் சொன்னார். பாடினேன்.

"நல்லா இருக்கு, இத வெச்சுக்கலாம்" என்றார்.

நான் சரி என்றேன்.