மடி என்று சொல்லி மறைத்தேன்

மார்கழி பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு இருபது. எதிர் வீடு தெரியாத பனி. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் கோலம் போட்டு எழுந்த என் மனைவி பத்மா, ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"கையைக் குடுங்கோன்னா."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு அம்புஜம் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கிவிட்டாள். "நன்னாருக்கு மாமா! ஆத்துக்காரி விழுந்தாக்கூட மடியா?" என்றாள். பத்மா சிரிக்கவில்லை. முழங்கையில் ரத்தம்.

அடியார்களே, எழுபத்தொரு வயதில் இதை எழுதக் கூசுகிறது. அது தீட்டுப் படாமல் ஒதுங்கும் மடி ஆசாரம் அல்ல. எனக்கு எச்.ஐ.வி. இருந்தது. இருக்கிறது.

அது தெரியவருவதற்கு முன் எட்டு மாதம் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பதினொரு கிலோ இளைத்தேன். மூன்று டாக்டர்கள் சர்க்கரை, சளி, வயிறு எல்லாம் பார்த்தார்கள். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நெற்றியில் திருமண் இட்ட கிழவனிடம் எப்படிக் கேட்பார்கள்? நாலாவது டாக்டர் கேட்டார். ரத்தத்தில் தெரிந்தது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை தொடங்கிய அன்று ஆலோசகர் பெண் சொன்னார்: "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க ஐயா. அவங்களுக்கும் பார்த்துடணும்." தலையாட்டினேன். அவர் சொன்ன மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. வழியில் தனியாக ஒரு தட்டும் டம்ளரும் வாங்கினேன். இனி நான் மடி, என்னையும் என் பாத்திரத்தையும் யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொன்னேன். எங்கள் வீதியில் அதை யார் சந்தேகிப்பார்கள்? மரியாதை கூடியதுதான் மிச்சம். ஆறு வாரம் அப்படி ஓட்டினேன்.

அன்று, காயத்துக்கு மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டேன்.

மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்போ?" என்றாள்.

"மூணு வருஷம் முன்னாடி. பென்ஷன் வேலையா மெட்ராஸ் போனப்போ."

"ஒரு தடவையா?"

"ரெண்டு தடவை."

எதையும் எண்ணியே பழகியவன். அதையும் சரியாகச் சொன்னேன்.

மெட்ராஸிலிருந்து வந்த பிறகும் நாங்கள் கணவன் மனைவியாகத்தான் இருந்தோம். அதுவே என் பயம். இரண்டு நாள் அவள் பேசவில்லை. திங்கட்கிழமை புடவை மாற்றிக்கொண்டு, "கிளம்புங்கோ" என்றாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தேன். பெருமாளே, நான் செய்ததை நான் அனுபவிக்கிறேன், இவளைக் காப்பாற்று என்றேன். கேட்கிற வாய் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சிலும் அதையேதான் கேட்டேன்.

"அம்மாவுக்கு இல்லைங்க ஐயா."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதேங்கோ, எல்லாரும் பாக்கறா" என்றாள் பத்மா. பிறகு ஆலோசகரிடம், "ஏம்மா, இவர் டம்ளர்ல குடிச்சா ஒட்டிக்குமா?" என்று கேட்டாள்.

"ஒட்டாதுங்க. தொட்டாலும், சேர்ந்து சாப்பிட்டாலும் வராது. ஐயாகிட்ட அன்னைக்கே சொன்னேனே."

பத்மா என்னைப் பார்த்தாள். "அப்போ இத்தனை நாள் மடி யாருக்கு?"

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அவளுக்கு இல்லை. நான் ஒரு வேளை மாத்திரையும் தவறவிடவில்லை. ஏழு கிலோ ஏறியிருக்கிறேன். என்னை மன்னித்தாளா என்று இதுவரை கேட்கவில்லை. காலைக் காபியை என் கையில் தருகிறாள்.

என் வயதுக்காரர்களே, விடாத காய்ச்சல் இருந்தால் டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், இந்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள். வெட்கத்தோடு போய் நின்றாலும் அரங்கன் முகம் திருப்பவில்லை. நின்று பார்த்தவன் சொல்கிறேன்.

மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. அந்தத் தட்டும் டம்ளரும் 465 ரூபாய். பத்மா அவற்றைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டு 120 வாங்கினாள். என் மடிக்கு ஆன செலவு, 345 ரூபாய்.