திரும்பி வந்த ஆவுளியா

திருப்பதியின் வீட்டில் டிவிக்கு நேர் மேலே ஒரு பாராட்டுச் சான்றிதழ் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, ஓரத்தில் பிளாஸ்டிக் ரோஜா சுற்றி, மனைவி சொர்ணவல்லி தன் கையால் ஆணி அடித்து மாட்டியது. அதைப் பார்க்காமல் டிவி பார்க்க முடியாது என்பதால் திருப்பதி டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார். செய்தி நேரம் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முடிவுகட்டிய சொர்ணவல்லி, மணமேல்குடியில் நடந்த கண் சிகிச்சை முகாமுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் பத்து வருஷத்துக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். கோளாறு வேறு இடத்தில் என்று டாக்டருக்குத் தெரிய வழியில்லை.

புதுக்கோட்டை மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பாறையும் பொட்டலும் குடைவரைக் கோவிலும்தான் ஞாபகம் வரும். கிழக்கே அதற்கு ஒரு துண்டுக் கடலும் இருக்கிறது என்பதை உள்ளூர்க்காரர்களே மறந்துபோவதுண்டு. அந்தக் கரையில் பிறந்தவர் திருப்பதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டவர். ஆறு வருஷம் பஹ்ரைனில் அடுத்தவன் படகில் வலை இழுத்துவிட்டு, கல்யாணத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஒருமுறை இன்ஜின் நின்றுபோய் எல்லை தாண்டி மிதந்து, இலங்கையில் இருபத்தொரு நாள் ஜெயிலில் இருந்தார். கஜா புயலில் அவருடைய படகு தென்னந்தோப்புக்குள் போய் ஒரு மரத்தில் மோதி இரண்டாகப் பிளந்தது. இதையெல்லாம் யார் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார். சான்றிதழைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

சான்றிதழ் ஓர் ஆவுளியாவைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தது. படித்தவர்கள் கடல் பசு என்பதைத்தான் அந்தக் கரையில் ஆவுளியா என்பார்கள். அது மீன் இல்லை. கடலடியில் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், சில நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள். இப்போது பிடித்தால் கேஸ். திருக்கை மீனுக்குப் போடும் பெரிய கண் வலையில்தான் அது தவறிப்போய் மாட்டிக்கொள்ளும்.

அதைக் காப்பாற்ற ஏழெட்டு நாடுகள் சேர்ந்து நடத்தும் திட்டத்துக்கு இந்தக் கரையில் ஆள் ஷர்லி. அரிமளத்துப் பெண், தொண்டு நிறுவன ஊழியர். ஸ்கூட்டியில் வந்து இறங்கினால் மீனவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்காமல் போகமாட்டாள்.

“அண்ணே, இந்தக் கடல் புல்லு காடு மாதிரி. கரியப் புடிச்சு அடிமண்ணுக்குள்ள பூட்டி வச்சுக்கும். ஒலகம் சூடாகுறது கொஞ்சமாச்சும் மட்டுப்படும். ஆவுளியா மேஞ்சாத்தான் புல்லும் நல்லா இருக்கும். இன்னைக்கு இங்கிட்டு மேயும், நாளைக்கு அங்கிட்டு இலங்கைப் பக்கம் மன்னார்ல மேயும். ஒரு நாடு மட்டும் காப்பாத்தி ஆவாதுண்ணே” என்றாள் முதல் நாளே.

“அப்ப அதுக்கு மட்டும் எல்லை கெடையாதாக்கும். கொடுத்து வச்ச பெறவி” என்றார் ஜெயிலுக்குப் போய் வந்த திருப்பதி.

வேடிக்கையாகப் பேசினாரே தவிர, அடுத்த மாதமே அவர் வலையில் ஓர் ஆவுளியா விழுந்தபோது புத்தம்புது வலையை அறுத்து அதை வெளியே விட்டார். கரைக்கு வந்து சொன்னார். யாரும் நம்பவில்லை. டீக்கடையில் ஒருத்தன், “என்ன திருப்பதி, கறி எப்புடி? ஆட்டுக்கறி மாதிரியா, மாட்டுக்கறி மாதிரியா?” என்று கேட்டான். கடையே சிரித்தது. செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். செய்த நல்லதைக் கறி தின்றதாக மாற்றிவிட்டார்களே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஷர்லி மட்டும் நம்பினாள்.

“எனக்கு நீங்க சொன்னாப் போதும்ணே. ஆனா மேல இருக்கவங்க, வெளிநாட்டுக்காரங்க, பாத்தாத்தான் நம்புவாங்க. அடுத்த தடவ ஒரு வீடியோ மட்டும் எடுத்துருங்க.”

அடுத்த தடவை மாசி மாதத்தில் வந்தது. காலை ஒன்பது மணி. படகில் திருப்பதியும் சொர்ணவல்லியின் தம்பி முத்துராஜும் மட்டும். விடியலில் போட்ட வலைக்கு மேலே ஓரிடத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கிட்டே போனால், இரண்டு ஆள் நீளத்துக்கு ஓர் ஆவுளியா. கழுத்திலும் கைத்துடுப்பிலும் வலை சுற்றியிருந்தது. உயிர் இருந்தது.

திருப்பதி கத்தியை எடுத்தார். அப்போது டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “மாப்ள, போன எடு” என்றார்.

படம் சரியாக விழவேண்டும் என்பதற்காக அதன் வாலில் கயிறு கட்டிப் படகோடு சேர்த்து இழுத்துப் பிடித்தார். மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி ஒரு கையால் தாங்கிக்கொண்டார். நல்லபடியாகத்தான் வைத்திருக்கிறோம் என்றே அப்போது நினைத்தார். முத்துராஜ் எடுக்க ஆரம்பித்து அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

“மச்சான், ஸ்டோரேஜ் ஃபுல்லுங்குது!”

“எதையாச்சும் அழிடா!”

“ஒங்க மக ரஞ்சிதா சடங்கு வீடியோதான் பெருசா இருக்கு. அத அழிச்சுரவா?”

“அத அழிச்சா ஒங்க அக்கா என்னைய அழிச்சுருவா. வேற பாரு.”

முத்துராஜ் வேறு பார்த்தான். ஒவ்வொன்றாகத் தேடி, திறந்து பார்த்து, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக் கேட்டு அழித்தான். அந்த நேரம் பூராவும் ஆவுளியா புரண்டுகொண்டே இருந்தது. புரளப் புரள வலை கீழே இறுகியது. ஒரு தடவை அது புரண்டபோது, கைத்துடுப்புக்கு அடியில் பால் காம்பு புடைத்திருந்ததைத் திருப்பதி பார்த்தார். பார்த்தார் என்பதுதான் விஷயம். பார்த்துவிட்டு, “சீக்கிரம்டா” என்று மட்டும் சொன்னார்.

மறுபடி எடுத்தபோது எல்லாம் அழகாக விழுந்தது. வலையை அறுத்தார், கயிற்றை அவிழ்த்தார், “போயிட்டு வா தாயி” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆவுளியா போனது. கொஞ்ச தூரம் போய்த் தலையைத் தூக்கியது. பிறகு திரும்பி நேராகப் படகுக்கு வந்து, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று, படகை ஒரு சுற்றுச் சுற்றியது.

“மச்சான், நன்றி சொல்லுது பாருங்க!” என்று முத்துராஜ் கத்தியது வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது. வீடியோ அங்கே முடிகிறது.

அதற்கப்புறம்தான் வலையின் மிச்சத்தை இழுத்தார்கள். அடிமடிப்பில் குட்டி இருந்தது. ஓர் ஆட்டுக்கிடாய் அளவுதான் இருக்கும். திருப்பதி அதை மடியில் போட்டுத் தேய்த்தார், தலைகீழாகப் பிடித்தார், மூக்கில் ஊதினார். மூச்சு வரவில்லை. அதன் உடம்பு இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. முதலிலேயே வலையை அறுத்துத் தூக்கியிருந்தால் தாயோடு அதுவும் மேலே வந்திருக்கும். போனில் முதல் வீடியோவுக்கும் இரண்டாவது வீடியோவுக்கும் நடுவே பதினோரு நிமிஷம்.

“கேஸாயிரும் மச்சான். நமக்கு ரெண்டு பேருக்குந்தான் தெரியும்” என்றான் முத்துராஜ்.

குட்டியைத் தண்ணீரில் விட்டார்கள். தாய் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. திருப்பதி இன்ஜினைப் போட்டார்.

கரையில் கதை வேறு மாதிரி ஓடியது. நன்றி சொன்ன ஆவுளியா என்று வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். கறியைப் பற்றிக் கேட்டவனே தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டான். மேடையில் பொன்னாடை, சான்றிதழ். முத்துராஜுக்குத் திட்டத்திலேயே கடல் காவலர் வேலை கிடைத்தது. சொர்ணவல்லி ஆணி அடித்தாள். உண்மையாக நல்லது செய்தபோது கிடைக்காத மரியாதையெல்லாம் இப்போது தேடி வந்து கழுத்தில் விழுந்தது. ஒவ்வொன்றும் விழும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர் அதை அடக்கம் என்று சொல்லி இன்னும் பாராட்டியது.

இந்த வருஷம் ஷர்லி பெரிய செய்தியோடு வந்தாள்.

“ஒங்க வீடியோவ அஞ்சு பாஷையில போடப்போறாங்கண்ணே. இலங்கை, மொசாம்பிக், பிலிப்பைன்ஸ் எல்லா எடத்துலயும் மீனவங்களுக்கு அதுதான் பாடம். புதுக்கோட்டையில கூட்டம். நீங்க பேசணும்.”

“என்ன பாடம்?”

“எப்புடிப் பத்திரமா விடுறதுன்னு. கயிறு கட்டி நிதானமாப் புடிச்சீங்கள்ல, அதெல்லாந்தான்.”

அன்றைக்குத் திருப்பதிக்குச் சோறு இறங்கவில்லை. இதுவரை ஒரு குட்டி. இனிமேல் எத்தனை கடலில் எத்தனை பேர் வாலில் கயிறு கட்டிக்கொண்டு, போனைத் தேடிக்கொண்டு நிற்பார்களோ. உண்மையைச் சொல்லிவிடப் போவதாக முத்துராஜிடம் போய்ச் சொன்னார்.

“ஏன் மச்சான், இருக்கதக் கெடுக்கணுமா? என் வேலையும் போயிரும். அக்காவுக்குத் தெரிஞ்சா அது தாங்குமா?” என்றான் அவன். “கடலுக்குத் தெரியும். அது வாயத் தொறக்காது. நீங்களும் தொறக்காதீங்க.”

புதுக்கோட்டையில் ஏசி ஹால். வட்டமாக மேஜை, ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு நாட்டுக் கொடி. ஷர்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்து இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். பெரிய திரையில் வீடியோ ஓடியது. யாரோ பின்னணியில் புல்லாங்குழல் வேறு சேர்த்திருந்தார்கள். ஆவுளியா திரும்பி வரும் இடத்தில் ஹாலே கைதட்டியது. மொசாம்பிக்கிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருப்பதி மேஜைக்கு அடியில் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து மன்னார் மீனவர் ஒருவர் மைக்கைப் பிடித்தார். முப்பது வயதிருக்கும்.

“அண்ணை, எங்கட பக்கமும் வலையில படுகுது. நாங்களும் உப்பிடி வாலில கயிறு போட்டுப் பிடிக்கலாமோ? எவ்வளவு நேரம் வச்சிருக்கலாம்?”

நல்ல மனுஷன், நல்ல கேள்வி. குறிப்பு எழுத நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“கட்டாதீங்க தம்பி” என்றார் திருப்பதி.

ஷர்லி அதை மாற்றிச் சொன்னாள். அவர் நிறுத்தவில்லை.

“நான் கட்டுனது அதுக்காக இல்ல, படத்துக்காக. மொத வீடியோ சரியா விழல. மறுக்கா எடுக்கப் பதினோரு நிமிசம் ஆச்சு. அடி வலையில குட்டி கெடந்துச்சு. நான் பாக்கல. பால் காம்பப் பாத்தேன், குட்டி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மூச்சு முட்டிச் செத்துப் போச்சு. அது நன்றி சொல்லத் திரும்பி வரல தம்பி. புள்ளையத் தேடி வந்துச்சு.”

ஷர்லியிடமிருந்து சத்தம் வரவில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் காதில் மாட்டியதைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார்கள்.

“சொல்லுங்கம்மா” என்றார் திருப்பதி.

“வீடியோ எடுங்கன்னு கேட்டது நாந்தானண்ணே” என்றாள் அவள், மைக்கை மூடிக்கொண்டு.

“எடுத்தது நானு. சொல்லுங்க.”

சொன்னாள். மொசாம்பிக் பெண் துடைத்த கண்ணை மூடிக்கொண்டாள். மன்னார்க்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “அது திரும்பின விதத்தைப் பார்க்கேக்கையே எனக்கு ஒரு சந்தேகம் அண்ணை. கேக்க மனம் வரேல்லை.”

வீட்டில் சொர்ணவல்லியிடமும் அன்றே சொன்னார். அவள், “ஆம்பளக் குட்டியா, பொம்பளக் குட்டியா?” என்று கேட்டாள். பார்க்கவில்லை என்றார். அதற்குத்தான் அவள் அழுதாள். சான்றிதழை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் மறந்துபோகும் என்று திருப்பதியே வேண்டாமென்றார்.

ஷர்லி நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். விசாரித்துவிட்டு, வேண்டுமென்று செய்ததல்ல என்று கேஸ் போடாமல் விட்டார்கள். முத்துராஜின் வேலை போகவில்லை; ஆனால் அவன் அக்கா வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான். பழைய வீடியோவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்கலாம் என்று நாடுகள் எல்லாம் பேசி முடிவு செய்தன. கயிறு வேண்டாம், போன் வேண்டாம், முதலில் வலையைச் சுற்றிலும் தூக்கிக் குட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைத் திருப்பதியே நடந்ததைச் சொல்லி விளக்க வேண்டும் என்று மன்னார்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம்.

போன வாரம் கரையோரமாகப் படகை நிறுத்தி எடுத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகை அசையாமல் பிடித்துக்கொண்டவன் முத்துராஜ். காவலர் வேலை என்று வந்தானாம். மச்சான் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பதி படகில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்து முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். குட்டி வெதுவெதுப்பாக இருந்தது என்கிற இடத்தில் குரல் உடைந்தது. எப்படியோ சொல்லி முடித்தார்.

சென்னையிலிருந்து வந்த கேமராக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். சங்கடமாக நெளிந்தார்.

“சார், மன்னிச்சுக்கங்க. காத்து சத்தம் ஜாஸ்தியா விழுந்துருச்சு. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?”

முத்துராஜ் தலை நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான்.

திருப்பதி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நேராக உட்கார்ந்தார்.

“எடுங்க தம்பி. எத்தன தடவ வேணும்னாலும் எடுங்க. இப்ப தண்ணிக்குள்ள யாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு இல்ல.”