சீன விமானியும் அப்பாவின் கேள்வியும்

போன ஞாயிறு ஒரு பிழை விட்டேன். ஒரு கதையை முடிவுவரை சொல்லிவிட்டேன்.

விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளியொன்றில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அப்பா சம்மதிக்காமல் அனுப்ப மனம் வரவில்லை. அப்பாவுக்கோ விமானம் என்றால் குண்டு. யாழ்ப்பாணத்தில் அந்தச் சத்தம் கேட்டதும் பங்கர் குழிக்குள் ஓடியவர். கடல் கடந்து வந்து டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடியில் இருந்துகொண்டு, இன்னமும் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார்.

என்ன செய்வது? மார்க்கம் ஒபிஸில் என்னோடு வேலை செய்யும் சீன நண்பன், தங்கள் நாட்டின் முதல் விமானிகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தான். ஏழைக் குடும்பம். அமெரிக்காவுக்குப் போய், கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, இயந்திரம் பழகி, தானே விமானம் செய்து பறந்த மனிதர். எங்களைப் போலப் புலம்பெயர்ந்தவர்தானே... அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்தவனுக்கு ஒரு வியாதி — எதையும் விட்டுவிட்டுச் சொல்லத் தெரியாது. அவருடைய பட்டறை எரிந்தது, நாடு திரும்பியது, புரட்சிப் படையில் சேர்ந்தது... எல்லாம் சொன்னேன்.

"பிறகு?" என்றார் அப்பா.

"சனத்துக்குப் பறந்து காட்டேக்க விழுந்து செத்துப்போனார்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னார்: "உதை ஏன் தம்பி சொன்னனீ? பறந்ததோட நிப்பாட்டியிருக்கலாமே."

அப்பாவுக்கு அது பிரச்சினையே இல்லை. "படையில சேர்ந்தவன் எண்டனீ. குண்டு போட்டவனோ?"

"தெரியாது அப்பா." உண்மையாகவே தெரியாது.

"நீ?"

"நான் சனத்தைத்தான் ஏத்துவன்."

"அப்ப உந்தச் சீனாக்காரன்ரை கதை எதுக்கு?"

பறப்பதற்காக உயிரை விட்டவரையும் எங்கள் சனத்தின் மேல் குண்டு போட்டவனையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? ஆனால், பங்கருக்குள் கிடந்தவரிடம் அந்த நியாயத்தை நான் எந்த வாயால் பேசுவது?

அப்பா தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "பழகி முடிஞ்சதும் முதல் ஆளா என்னை ஏத்து."

"பயமில்லையோ அப்பா?"

"மேலயிருந்து பாக்கேக்க கீழ ஓடுற சனம் தெரியுதோ எண்டு எனக்குப் பாக்கோணும்."

இது சம்மதமா? அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை 'வருகிறேன்' என்று அனுப்பிவிட்டேன். கீழே சனம் தெரிந்தால் நல்லதா, தெரியாவிட்டால் நல்லதா — அதுதான் இன்னும் விளங்கவில்லை.