மேலே போன சூடு

போர்ட் பிளேயரில் எங்களுக்குக் கிடைத்த புது வீடு, மேட்டைக் குடைந்து கட்டிய கீழறை. எங்கள் தலைக்கு மேலிருந்த பலகைதான் மேல்வீட்டுக்குத் தரை. மழை தொடங்கியதும் சுவரெல்லாம் கசிந்தது, ஜாடியிலிருந்த உப்பு கரைந்து தண்ணீராக ஓடியது, துவைத்த துணி வாரக்கணக்கில் நாறியது.

"அறையைச் சூடாக்கு, ஈரம் தன்னால போயிடும்" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். மரம் அறுக்கும் மில்லிலிருந்து மரத்தூளை நான்தான் சுமந்தேன், அடுப்பில் இடித்து அடைத்தேன், தினமும் மூட்டினேன். கண்தான் எரிந்தது, சுவர் காயவேயில்லை. வெறுத்துப்போய் ஒருநாள் விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலமே மேல்வீட்டு அம்மாள் இறங்கி வந்தார். "ஏம்மா, இன்னைக்கு அடுப்பு மூட்டலையா? எங்க துணியெல்லாம் பாதி ஈரத்துல கெடக்கு!"