கொடிக்கயிற்றுடன் அடையாறு, தியாகராய நகர்

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கும் அங்கிருந்து தியாகராய நகருக்கும் ஒரே நாளில் போய்வந்தேன். சுற்று முழுவதும் சேர்த்துப் பத்து மைலுக்குச் சற்று மேலே இருக்கும். பத்து மைலெல்லாம் ஒரு பிரயாணமா, அதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். இதே சுற்றைச் சுற்ற வேண்டிய உபாத்தியாயினிகள் இந்தப் பட்டணத்தில் இருக்கிறார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நிர்வாகக் குழு உறுப்பினர்களின் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள். அவர்களுக்காக எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

இருபத்தேழு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என் இடத்துக்கு வந்தவள் ஹமீதா. வீட்டில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ். அவளைப்போல் இலக்கணம் நடத்துகிறவரை நான் பார்த்ததில்லை. வகுப்பின் குறுக்கே துணி உலர்த்துகிற கொடிக்கயிறு ஒன்று கட்டியிருப்பாள். ஒரு வாக்கியத்தின் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி, அட்டையை இரண்டாக மடித்துக் கயிற்றின்மேல் போடுவாள். அது வேட்டி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். விரலால் தள்ளினால் நகரும். வகுப்புப் பெண்கள் தங்கள் வீட்டுப் பேச்சிலும் அதே வாக்கியத்தைத் தொங்கவிட வேண்டும். உருதுவானாலும் தெலுங்கானாலும் எழுதுவது தமிழ் எழுத்தில்தான்.

நாய் மனிதனைக் கடித்தது. அதன் கீழே தெலுங்கில், குக்க மனிஷினி கரிச்சிந்தி. அதன் கீழே உருதுவில், குத்தா ஆத்மீகூ காட்டா. மூன்று வரிசையிலும் கடித்தவன் முன்னால், கடிபட்டவன் நடுவில், கடி கடைசியில். நாலாவதாக ஆங்கிலத்தைப் போட்டால்தான் கடி ஓடிவந்து நடுவில் நின்றுகொள்ளும். ஒரு சூத்திரமும் சொல்லாமல் பத்து வயதுப் பெண்கள் அதைக் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

பள்ளிக்கூடப் பரிசோதகர் ஒருவர் வந்து இதைப் பார்த்தார். ஒரு புகாரும் வந்து சேர்ந்தது. "தமிழ் வகுப்பில் பிற பேச்சுகளைக் கொண்டுவந்தது தவறு, இனிச் செய்யமாட்டேன்" என்று நிர்வாகக் குழுவின் செயலாளர் ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை பத்து மணிக் கூட்டத்துக்குள் கையெழுத்துப் போடு, இல்லையானால் வேலை இல்லை என்றார். குழுவில் மூன்று பேர். செயலாளரை விட்டால் இருவர்: அடையாற்றில் ராமசேஷன், தியாகராய நகரில் ரங்கநாயகி அம்மாள். இருவரும் எங்கள் பக்கம் வந்தால்தான் ஹமீதாவின் வேலை தங்கும்.

காலை ஏழு பத்துக்குக் குளத்து மேற்குக் கரையில் ஜட்கா பிடித்தோம். அடையாறு மூன்று மைல். வண்டிக்காரன் பதினாலணா கேட்டான், பத்தணாவுக்கு ஒப்புக்கொண்டான். என் பைக்குள் இருந்த கயிற்றை எட்டிப் பார்த்தான்.

"இன்னா மா, துணி காயப் போடவா அம்மாந்தூரம் போறீங்க?"

"ஆமா நைனா, அங்க வெயில் ஜாஸ்தியாம்" என்றாள் ஹமீதா.

சாந்தோம் தாண்டிப் பட்டினப்பாக்கத்துக் கருவாட்டு வாசனை வந்த இடத்தில் குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரன் உருதுவில் ஏதோ அதட்டினான். உடனே நடந்தது.

"ஏன்பா, குதிரைக்குத் தமிழ் தெரியாதா?" என்று கேட்டேன்.

"முன்ன இத்த வச்சிருந்தவரு சாயபு மா. தமிழ்ல சொன்னா நின்னுக்கினு என்னியே பாக்குது."

"நீ கத்துக் குடுக்கிறதுதானே?"

"குடுத்துப் பாத்தேன். நான் உருது கத்துக்கினது சீக்கிரம் ஆச்சு."

பாலம் தாண்டும்வரை ஹமீதா சிரித்துக்கொண்டே இருந்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான். நாடு இரண்டான இந்த வருஷம், அவள் பெயரைச் சொன்னதும் முகத்தை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவள் அதைச் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும்.

எட்டு மணிக்கு ராமசேஷன் வீட்டில் இருந்தோம். ஓய்வு பெற்ற இஞ்சினீயர், நல்ல மனிதர். கயிற்றைப் பார்த்ததும் எங்களைக் கட்டவே விடவில்லை. தாழ்வாரத்துத் தூண்கள் இரண்டுக்கும் நடுவில் தாமே கட்டி, தொய்வு இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"பாருங்கோம்மா, இங்கிலீஷ்ல ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு எடம் இருக்கு. தமிழ்ல எதை எங்க போட்டாலும் சரிங்கறேள். அதுல என்ன ஒழுங்கு இருக்கு?"

இந்தக் கேள்வியை இருபத்தேழு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் தமிழ்தான் ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி கேட்பார்கள். நானும் இருபத்தேழு வருஷமாகச் சொல்வதையே சொன்னேன். "சபையில நாற்காலி போட்டு உக்கார வைக்கிறாங்க. யாரு தலைவர்னு நாற்காலிய வச்சுத்தான் தெரியும். ரெண்டு பேர் இடம் மாறி உக்காந்தா தலைவரும் மாறிடுவாரு. அது இங்கிலீஷ். ரயில்ல போற பெட்டில பேர்ச்சீட்டு ஒட்டியிருக்கு. அதை எந்த மூலையில போட்டாலும் போய்ச் சேர வேண்டியவங்களுக்குத்தான் போகும். அது தமிழ். மனிதனை என்கிறதுல இருக்கிற 'ஐ'தான் அந்தச் சீட்டு. தெலுங்குல 'நி'. இவங்க வீட்டு உருதுல 'கூ'. சீட்டு ஒட்டறதும் ஒரு ஒழுங்குதான் சார்."

அவர் எழுந்து 'மனிதனை' அட்டையை முதலில் தள்ளினார். பிறகு கடைசியில் தள்ளினார். பிறகு ஆங்கிலச் சொற்களை அதேபோல் மாற்றிப் பார்த்தார். அங்கே மனிதன் நாயைக் கடித்துவிட்டான்.

"அட! தமிழ்ல எங்க போட்டாலும் கடி வாங்கறவன் அவனேதான்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டு மனைவியையும் வரவழைத்துக் காட்டினார். காப்பி வந்தது. காரியம் முடிந்தது என்று நான் நினைத்தேன்.

"என் ஓட்டு உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன். தமிழும் இங்கிலீஷும் மட்டும் வச்சுண்டு நடத்துங்கோ. மத்த ரெண்டும் வேண்டாம். எதுக்கு வம்பு?"

நான் சரி என்று தலையாட்டத் தொடங்கிவிட்டேன். ஹமீதா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சார், இந்தக் கயித்தை ஒத்தைத் தூண்ல கட்டிப் பாருங்க."

"அது எப்படி நிக்கும்?"

"நிக்காது சார். வித்தியாசம் ஒரு தூண், ஒத்துமை ஒரு தூண். தமிழும் இங்கிலீஷும் மட்டும் வச்சா வேற வேறன்னுதான் பிள்ளைங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பேச்சும் நம்ம பேச்சு மாதிரியே நடக்குதுன்னு தெரியாது. அதைத்தான் நான் நடத்தறேன். அதை எடுத்துட்டா எனக்கு நடத்த ஒண்ணுமில்ல."

அவர் தூணையும் கயிற்றையும் பார்த்தார். "யோசிக்கறேன்" என்றார். ஒன்பதே முக்காலுக்கு வெளியே வந்தோம்.

அடையாற்றிலிருந்து தியாகராய நகருக்கு ஜட்கா பிடிக்காதீர்கள், இரண்டு ரூபாய்க்குக் குறைய வரமாட்டார்கள். பாலத்தருகே பஸ்ஸுக்கு நின்றோம். பெட்ரோல் தட்டுப்பாட்டில் பஸ் வந்தபோது பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம். ஆளுக்கு இரண்டணா. நடுவில் ஓர் இடத்தில் பஸ் கெட்டு முக்கால் மணி போயிற்று. தேனாம்பேட்டையில் இறங்கி ஒரு மைலுக்கு மேல் நடை. அந்த வெயிலில் எனக்குப் பசி வந்தது. எனக்குப் பசிக்கிறது என்றேன். தெலுங்கில் நாகு ஆகலேஸ்தோந்தி என்பார்கள், உருதுவில் மேரேகு பூக் லக்ரீ என்றாள் ஹமீதா. மூன்றிலும் பசி வெளியிலிருந்து வந்து நம்மைப் பிடிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் நானே பசியுள்ளவளாக ஆகிவிடுகிறேன். வழியில் ஒரு கடையில் இரண்டு வாழைப்பழம் வாங்கித் தின்றோம்.

எங்கள் தப்புக் கணக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். ரங்கநாயகி அம்மாள் வீட்டில் தெலுங்கு. கணவருக்கு ஜவுளி வியாபாரம், மகள் ஹமீதாவின் வகுப்பில் படிக்கிறாள். ஆகவே அந்த ஓட்டு கையில் இருக்கிறது என்று நினைத்து, ராத்திரி முழுவதும் இஞ்சினீயருக்கு மட்டுமே பதில் தயார் செய்திருந்தோம்.

ஒன்றே காலுக்குப் போனோம். பூங்காவுக்குப் பின் தெருவில் மாடி வீடு. நாற்பது வயதிருக்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "எவரோ வச்சாரு, மஜ்ஜிக தே" என்று மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பிச் சுத்தமான தமிழில் உட்காரச் சொன்னார். ஹமீதா கயிற்றை எடுக்கப் போனாள்.

"அது வேண்டாம். அந்தப் புகார் நான்தான் குடுத்தேன்."

மோர் வந்தது. யாரும் தொடவில்லை.

"என் பொண்ணு தெலுங்குல படிச்சதும் வகுப்பே சிரிச்சுதாம். ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன்னா. நாங்க இந்த ஊர்ல நாலு தலைமுறை. வாசப்படி தாண்டினா தமிழ்தான். அப்படிப் பேசிப் பழக நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்க ஒரே நாள்ல அவளைத் தெலுங்குக்காரின்னு கயித்துல தொங்கவிட்டுட்டீங்க."

ஹமீதா பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"சிரிச்சாங்க. உண்மைதான். அன்னிக்கு முதல்ல என் வீட்டு வரியைத்தான் மாட்டினேன். சிரிக்கிறவங்க என்னைப் பாத்துச் சிரிச்சு முடிச்சுடட்டும்னு நெனச்சேன். முடியல. அடுத்தது உங்க பொண்ணு. அது என் தப்பு. வகுப்பு முன்னாடியே அவகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

அம்மாள் முகம் கொஞ்சம் இளகியது. மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். செயலாளர் எழுதின அதே தாளின் பிரதி.

"அப்போ இதுல கையெழுத்துப் போட்டுடுங்க. நாளைக்கு நானே சொல்லி முடிச்சுடறேன்."

ஹமீதா அதை வாங்கி முழுவதும் படித்தாள், ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்ததை.

"நான் செஞ்ச தப்பு இதுல இல்லையேம்மா. இதுல குத்தவாளி என் வீட்டுப் பேச்சும் உங்க வீட்டுப் பேச்சும்தான். அதுங்க என்ன தப்பு செஞ்சுது? நான் போடமாட்டேன்."

உண்மையைச் சொல்கிறேன். என் பையில் பேனா இருந்தது. இரண்டு வீட்டிலும் ஒன்றும் நடக்காவிட்டால் கடைசியில் அவளைக் கெஞ்சிக் கையெழுத்துப் போட வைத்துவிடலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன். அவள் வீட்டில் நோயாளித் தகப்பனார், அவள் சம்பளம் ஒன்றுதான் வரவு. இருந்தும் என் கை பைக்குள் போகவில்லை. இத்தனை வருஷம் நான் சொல்லிக் கொடுத்த தமிழுக்கு அந்தத் தாளால் எந்த மதிப்பும் கூடப் போவதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதை அம்மாளிடமே சொன்னேன்.

ரங்கநாயகி அம்மாள் தாளைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். "மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார். குடித்துவிட்டு எழுந்தோம். இரண்டரைக்கு பஸ், மயிலாப்பூருக்கு ஒன்றரையணா. மூன்றேகாலுக்கு வீடு.

மறுநாள் கூட்டத்துக்கு ஹமீதாவைக் கூப்பிட்டிருந்தார்கள். நடந்ததைச் சாயங்காலம் அவளே வந்து சொன்னாள். செயலாளர் தாளை நீட்ட, இவள் மறுக்க, ராமசேஷன் தம் கண்டிஷனைச் சொல்லலாமா வேண்டாமா என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இருந்தாராம். அப்போது ரங்கநாயகி அம்மாள், "ஆமெனு உண்டனிவ்வண்டி" என்றாராம்.

"தமிழ்ல சொல்லுங்கம்மா. நடவடிக்கைப் புத்தகத்துல எழுதணும்" என்றார் செயலாளர்.

"உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சுது. அவங்க இருக்கட்டும்னு சொல்றீங்க."

"அப்போ எழுதுங்க."

ராமசேஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்டிஷனைச் சொல்லாமலே கையைத் தூக்கினாராம். இரண்டுக்கு ஒன்று.

திங்கட்கிழமை ஹமீதா வகுப்பின் முன் நின்று அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்த வாரம் முழுவதும் தெலுங்கு வரிகளை ஹமீதாவே வாசித்து மாட்டினாள், யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள், பஸ்ஸை நம்பி நேரம் குறிக்காதீர்கள். இரண்டு பேராகப் போங்கள். குடை, தண்ணீர், கையில் மூன்று ரூபாய் சில்லறை. எந்த ஓட்டு நிச்சயம் என்று தோன்றுகிறதோ அந்த வீட்டுக்கு முதலில் போங்கள், நிச்சயமில்லை என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளலாம். உங்கள் தப்பு ஏதாவது இருந்தால் அவர்கள் கேட்பதற்குள் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் ஓர் எழுத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.

வெற்றி என்று நான் எழுதவில்லை. வேலை ஆறு மாதத்துக்குத்தான். தை மாதம் அதே பரிசோதகர் மறுபடி வந்து பார்த்துச் சொன்னபிறகே நிரந்தரம் என்று தீர்மானம். அவர் வரும் நாள் தெரியாமல் உட்கார்ந்திருக்க ஹமீதாவுக்குப் பொறுமை இல்லை. தானே அவருக்குக் கடிதம் எழுதிவிட்டாள். நான் படித்துப் பார்த்தேன், ஒரு திருத்தமும் செய்யவில்லை. கடிதம் இதுதான்: தை பிறந்து முதல் வியாழக்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வரவும். பாடம் உருதுவில் தொடங்கும். முன்வரிசையில் தங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கும். தங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வரவும்.