டேங்க் மூடியில் ஒரு கைரேகை

என் பைக் ரொம்பப் பழசு. மழைக்காலத்திலிருந்து அதற்கு ஒரு புரியாத வியாதி. ஆவடியில் நன்றாகக் கிளம்பும். அம்பத்தூரைத் தாண்டினால் இழுவை குறைந்து, திணறி நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக் பிளக் மாற்றினார், கார்பரேட்டரைக் கழுவினார். அவர் கடை வாசலில் மட்டும் அது ஒருநாளும் நின்றதில்லை.

தலை சுற்றிப்போய், நாலு பேர் முன்னால் கேட்டே விட்டேன்: "நல்ல பார்ட்டைக் கழட்டி எடுத்துட்டு பழசை மாட்டிட்டீங்களா?"

அவர் முகம் சுண்டிவிட்டது. "கெளம்பு சார். நிக்கிற வரைக்கும் நானும் வர்றேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டார்.

கொரட்டூரில் நின்றது. இறங்கியவர் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது.

"மூடில கீற காத்து ஓட்டைய யாரோ அடைச்சிக்கீறாங்க. காத்து போவலன்னா பெட்ரோல் எப்டி சார் எறங்கும்?"

மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று, குழாய் ஒழுகலுக்கு வைக்கும் பசையைப் பிசைந்து அப்பியது நான்தான். என் கட்டைவிரல் ரேகை அதில் அப்படியே காய்ந்திருந்தது.

"யாரு சார் இத வச்சது?"

"தெரியலையே" என்றேன்.

இன்றைக்கும் அவர் கடையைக் கடக்கும்போது, அந்தக் கட்டைவிரல் தானாக உள்ளே மடங்கிக்கொள்கிறது.